கடல் தாண்டி வந்த குளவி: மல்பெரிக்கு மருந்து அடிக்கலாமா, வேண்டாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒன்று அவசரம், அதை முதலில் பார்ப்போம்.

“ஐயா, எங்களுக்குக் குடிமங்கலம் பக்கமுங்க. ஒண்ணேகால் ஏக்கர்ல மல்பெரி வெச்சு பட்டுப்புழு வளர்க்கிறோம். வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறாரு, ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. தோட்டம் முழுக்க என் பொறுப்புத்தான். இப்ப கொழுந்துல வெள்ளையா மாவுப்பூச்சி வந்திருச்சு. நுனி சுருண்டு போகுது. அடுத்த வாரம் சாக்கி புழு வருது. மருந்துக் கடையில ‘ஒரே அடியில போயிரும்’னு ஒரு பாட்டிலைக் கொடுக்கிறாங்க. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், ‘அடிக்காதே கண்ணு, குளவி வரும், அது பார்த்துக்கும்’னு சொல்றாரு. ஏதோ வெளிநாட்டுக் குளவியாம். அந்தக் குளவி என் பட்டுப்புழுவைக் கொட்டாதுங்களா? நான் யார் பேச்சைக் கேக்கிறது?”

தங்கச்சி, இந்த வாரம் மருந்து அடிக்க வேண்டாம். பெரியவர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை: எந்தப் பூச்சி என்று பாருங்கள்

மல்பெரியில் மாவுப்பூச்சி இரண்டு வகையாக வரும். ஒன்று பழைய ஆசாமி, இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. கொழுந்து முறுக்கிக்கொண்டு, இலை தடித்துக் கரும்பச்சையாகும். பட்டு அலுவலர்கள் ‘துக்ரா’ என்பது இதைத்தான். இன்னொன்று பப்பாளி மாவுப்பூச்சி. ஒன்றைக் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். மஞ்சளாக நீர் வந்தால் பப்பாளி மாவுப்பூச்சி. சிவப்பாக வந்தால் துக்ரா செய்கிற பூச்சி. வேலியில் பப்பாளி, செம்பருத்தி, பார்த்தீனியம் இருந்தால் அவற்றின் இலையடியையும் திருப்பிப் பாருங்கள். பப்பாளியிலும் அதே வெள்ளை இருந்தால் அது பெரும்பாலும் பப்பாளி மாவுப்பூச்சிதான்.

அடுத்தது, குளவி ஏற்கெனவே உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குளவி என்றதும் கூடு கட்டிக் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். இது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணில் படுவதே கஷ்டம். ஆனால் அது வேலை செய்த தடயம் தெரியும். வெள்ளை மாவுக்கு நடுவே சில பூச்சிகள் உப்பி, பழுப்பு நிறத்தில், அரிசி நொய் போலக் கெட்டியாக இருக்கும். அதில் ஊசியால் குத்தியதுபோல் வட்டமாக ஓட்டை இருந்தால் உள்ளிருந்து குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். ஓட்டை இல்லாத பழுப்பு நொய்க்குள் இனிமேல்தான் குளவி பிறக்கப்போகிறது. ஒரு கொழுந்தில் இப்படி நாலைந்து தென்பட்டாலே உங்கள் தோட்டத்தில் படை இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் மருந்தை அடித்தால் முதலில் சாவது குளவிதான். மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள் இருக்கிறது. அதன் முட்டைப் பையில் நூறிலிருந்து அறுநூறு முட்டை வரை இருக்கும். மருந்து அந்த மெழுகைத் தாண்டி முழுசாக உள்ளே போகாது. இரண்டு வாரத்தில் பூச்சி மறுபடி வரும், தடுக்கக் குளவி இருக்காது.

மருந்து அடித்த இலையைத் தின்றால் பட்டுப்புழு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த மருந்தானாலும் அடித்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். உங்களுக்கோ அடுத்த வாரம் புழு வருகிறது. இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மல்பெரிக்குப் பலகாலம் அடித்து வந்த டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31-லிருந்து நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. யாராவது பழைய சரக்கை நீட்டினால் வாங்காதீர்கள்.

குளவி பட்டுப்புழுவைத் தொடுமா?

தொடாது. இந்தக் குளவியின் பெயர் அசெரோபேகஸ் பப்பாயே. இதன் பெண், பப்பாளி மாவுப்பூச்சியின் இளம்பருவக் குஞ்சின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குளவிப் புழு அதன் உள்ளேயே தின்று வளர்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் குளவியாகி ஓட்டை போட்டு வெளியே வரும். அதன் பிழைப்பு முழுவதும் மாவுப்பூச்சிக்குள்தான். பட்டுப்புழு அதற்கு வீடும் இல்லை, தீனியும் இல்லை. மனிதரையும் மாட்டையும் கொட்டாது. இது உங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கதை பெரியது. இரண்டாவது கடிதம் அதைத்தான் கேட்கிறது.

“பல்லடத்தில் இருந்து எழுதுகிறேன். சீமைக்கருவேலத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்துதான் நம் குளம் குட்டையெல்லாம் பாழாப் போச்சு. பார்த்தீனியமும் வெளிநாட்டுச் சரக்குத்தான். இப்ப வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து விடறாங்க. வெள்ளைக்காரன் ஆராய்ச்சி நமக்கு எதுக்கு? நம்ம ஊர்ல விஞ்ஞானியே இல்லியா?”

நியாயமான கோபம். பதிலை 2008-லிருந்து ஆரம்பிக்கிறேன்.

கோவையில் தொடங்கிய வெள்ளை

பப்பாளி மாவுப்பூச்சியின் பிறந்த வீடு மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். அங்கே அது பெரிய தொல்லை இல்லை. அதைத் தின்று அடக்கும் குளவிகள் அங்கேயே இருக்கின்றன. 1990-களில் கரீபியன் தீவுகளுக்குப் பரவியது. 1998-ல் அமெரிக்காவின் புளோரிடா, 2002-ல் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவு என்று நகர்ந்தது. பழம், செடி, நாற்று என்று ஏதோ ஒன்றோடு சேர்ந்து கப்பலிலும் விமானத்திலும் போயிருக்கும். போன இடத்துக்குப் பூச்சி மட்டும் போனது, குளவி போகவில்லை. எதிரி இல்லாத ஊரில் பூச்சி என்ன செய்யும் என்று நமக்குப் பிறகு தெரிந்தது.

2008-ல் கோவையில் பப்பாளியில் இது கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாளியோடு நிற்கவில்லை. உடுமலைப் பக்கம் மல்பெரி, ஈரோடு, சேலம், நாமக்கல்லில் மரவள்ளி, பருத்தி, கத்திரி, கொய்யா, செம்பருத்தி, காட்டாமணக்கு, தேக்கு என்று ஏறிக்கொண்டே போனது. 2009, 2010-ல் உடுமலையில் பட்டு வளர்த்தவர்களுக்கு அந்த நாட்கள் மறக்காது. கொழுந்து தீய்ந்து, தேன்போல் ஒட்டிய கசிவின் மேல் கரும்பூசணம் படர்ந்து, இலை புழுவுக்கு உதவாமல் போனது. அடுத்தடுத்து மருந்து அடித்தார்கள். அடித்த இலையால் புழு செத்தது, அடிக்காத இலையைப் பூச்சி தின்றது. பலர் மல்பெரியை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். அதற்குப் பிறகு பட்டுத் தட்டைத் தொடாமல், திருப்பூருக்கு கம்பெனி பஸ் ஏறியவர்கள் உண்டு.

நம் ஊர்ப் பொறிவண்டு, மாவுப்பூச்சியைத் தின்னும் ஸ்பால்ஜிஸ் வண்ணத்துப்பூச்சியின் புழு எல்லாம் தின்னத்தான் செய்தன. ஆனால் வந்த கூட்டத்துக்கு முன்னால் அவை போதவில்லை.

அப்போது இந்தப் பூச்சியை முன்பே பார்த்துப் பழகியவர் ஒருவர் இருந்தார். பெயர் முனியப்பன், நம் தமிழர், பூச்சியியல் விஞ்ஞானி. குவாம் தீவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். பின்பு அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து, பல நாடுகளில் நடந்த ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைத் திட்டத்தை நடத்தினார். இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் இது பப்பாளி மாவுப்பூச்சிதான் என்று 2008-ல் முதலில் பதிவு செய்தவர்களில் அவரும் ஒருவர். குவாமிலும் பலாவுத் தீவிலும் இந்தப் பூச்சியைக் குளவி கொண்டே அடக்கியிருந்தார்கள். அந்த அனுபவம் கையில் இருந்தது.

குளவி வந்த வழி

அமெரிக்க வேளாண் துறை போர்ட்டோரிகோ தீவில் இந்தக் குளவிகளை வளர்த்துவந்தது. பெங்களூருவில் நம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இப்போது என்.பி.ஏ.ஐ.ஆர் என்கிறார்கள். அந்த மையம் அரசு அனுமதி பெற்று 2010-ல் மூன்று வகைக் குளவிகளை அங்கிருந்து வரவழைத்தது. வந்த பெட்டியைப் பிரித்து நேராகத் தோட்டத்தில் விட்டுவிடவில்லை. பூட்டிய கண்காணிப்பு அறையில் வைத்து வளர்த்தார்கள். வேறு எதையாவது தாக்குகிறதா, வேறு நோய் எதையும் சுமந்து வந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அதன் பிறகுதான் விட அனுமதி கிடைத்தது.

மூன்றில் அசெரோபேகஸ் நம் வெயிலுக்கு நன்றாக ஒத்துப்போனது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அதைப் பெருக்கும் வேலையை எடுத்துக்கொண்டன. உருளைக்கிழங்கை முளைக்கவைத்து, அந்த முளையில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கினார்கள். 2010 அக்டோபரில் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. பிடுங்காமல் விட்ட மல்பெரி மறுபடி தழைத்தது. 2014-ல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு, இந்தக் குளவியால் இந்திய விவசாயிகளுக்கும் நுகர்வோருக்கும் ஐந்தாண்டில் 50 கோடி டாலருக்கு மேல் மிச்சம் என்று கணக்கிட்டது.

நம்மில் யாருக்கும் இந்தக் குளவிக்கு பில் வரவில்லை. இன்றைக்கும் உங்கள் பப்பாளி இலையடியில் பறப்பது 2010-ல் வந்த குளவியின் வாரிசுதான். அது தானே முட்டை வைத்து, தானே பெருகி, சம்பளம் கேட்காமல் வேலை செய்கிறது. நாம் கொடுக்க வேண்டிய கூலி ஒன்றுதான், மருந்தை அடித்து அதைக் கொல்லாமல் இருப்பது.

பல்லடத்து ஐயா கேட்ட கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. இதில் வெள்ளைக்காரர் ஆராய்ச்சி மட்டும் இல்லை. பூச்சியை இனம் கண்டவர்களில் ஒரு தமிழர் இருந்தார். கொண்டுவந்து சோதித்தது பெங்களூரு. பெருக்கியது கோவை. வேண்டிய குளவி மட்டும் கடலுக்கு அப்பால் இருந்தது. அதை இங்கே உருவாக்க முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சீமைக்கருவேலம் ஏன் அப்படி, குளவி ஏன் இப்படி?

மீதிப் பாதி பதில்: வெளிநாட்டிலிருந்து வருவது எல்லாம் ஒன்றல்ல. சீமைக்கருவேலத்தைக் கொண்டுவந்தபோது அது எங்கெங்கே பரவும், எதை அழிக்கும் என்று யாரும் சோதிக்கவில்லை. பார்த்தீனியத்தை யாரும் அழைத்தே வரவில்லை, தானியத்தோடு கலந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் 1935-ல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஒருவகைத் தேரையைக் கொண்டுபோய் விட்டார்கள். அது வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்று இன்றுவரை தொல்லை. கண்டதையும் தின்கிற பிராணியைக் கொண்டுவந்தால் அப்படித்தான் ஆகும். ஒன்றை மட்டுமே தின்று பிழைக்கிற பூச்சியாகத் தேர்ந்தெடுப்பதும், பூட்டிய அறையில் முதலில் சோதிப்பதும் அதனால்தான்.

சோதித்தும் சந்தேகம் வந்ததுண்டு. பார்த்தீனியத்தைத் தின்ன 1983-ல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அது சூரியகாந்தி இலையையும் கடிக்கிறது என்று விவசாயிகளிடமிருந்து புகார் வந்தது. வண்டு விடுவதை நிறுத்திவைத்து விசாரணை நடந்தது. சூரியகாந்தியில் அந்த வண்டு பிழைத்துப் பெருகாது என்று கண்ட பிறகுதான் பிரச்சினை ஓய்ந்தது. இப்படிக் கேள்வி கேட்பது விவசாயியின் உரிமை. கேட்டுக்கொண்டே இருங்கள்.

நம் பகுதிக்கு இது புதிதும் இல்லை. சாயத்துக்குப் பேர்போன திருப்பூரில் சாயப்பூச்சியின் கதையைச் சொல்லாமல் விடலாமா? சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒரு பூச்சியை உலர்த்தினால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். மாவுப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம் அது. அந்த ஆசையில் 1795-ல் ஆங்கிலேயர்கள் பிரேசிலிலிருந்து அந்தப் பூச்சி என்று நினைத்து ஒன்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம், நல்ல சாயம் தரவில்லை. ஆனால் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியின் சாற்றை உறிஞ்சிக் காடு காடாக அழித்தது. பிறகு 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு இனம் வந்தது. நடக்க வழியில்லாமல் மண்டிக் கிடந்த கள்ளியைத் தென்னிந்தியாவில் அடக்கியது அந்தப் பூச்சி.

நாம் வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, கொடுத்தும் இருக்கிறோம். 1912-ல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் நம் நாட்டுக் காட்டு நாணலை நல்ல கரும்போடு கலந்து உருவாக்கிய ‘கோ’ ரகங்கள் பல நாடுகளின் வயலுக்குப் போயின. இன்றும் உலகத்துக் கரும்பு ரகங்கள் பலவற்றின் ரத்தத்தில் கோயம்புத்தூர் இருக்கிறது. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு பக்கமும் நடந்ததால்தான் இரண்டு பக்கமும் பிழைத்தது.

மரவள்ளிக் குச்சி கேட்டவருக்கு

மூன்றாவது கடிதம் தாராபுரம் பக்கத்திலிருந்து. “ஆத்தூர்ல மச்சான் தோட்டத்திலிருந்து மரவள்ளிக் குச்சி கொண்டுவந்து நடலாம்னு இருக்கேன். அங்க கொஞ்சம் மாவுப்பூச்சி இருந்துச்சாம், இப்ப இல்லையாம். நடலாங்களா?”

நடுவதற்கு முன்னால் இதையும் படியுங்கள். மரவள்ளிக்கென்று தனியாக ஒரு மாவுப்பூச்சி இருக்கிறது. பிறந்த வீடு தென்னமெரிக்கா. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கோடிக்கணக்கான ஏழைகளுக்கு மரவள்ளிதான் சோறு. நுனி சுருங்கி, கணு குட்டையாகி, கிழங்கே இறங்காமல் போனது. நைஜீரியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் வேலை செய்த சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன், இதற்கு எதிரியைத் தேடும் வேலையைத் தொடங்கினார். கொலம்பியாவில் உள்ள இன்னொரு பன்னாட்டு நிலையத்தின் உதவியோடு 1981-ல் பராகுவே நாட்டில் ஒரு குளவி கிடைத்தது. லண்டனில் சோதித்து, ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சுமார் 30 நாடுகளில் பரவி அந்தப் பூச்சியை அடக்கியது. 1995-ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே பூச்சி 2008-ல் தாய்லாந்துக்கு வந்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் அதே நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து குளவியை வாங்கினார்கள். 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் பூச்சி தென்பட்டது. பிறகு சேலம், நாமக்கல், ஈரோடு. 2021-ல் நம் பெங்களூரு மையமும் பெனினிலிருந்தே குளவியை வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாகத் தோட்டத்தில் விட்டார்கள். அனாகைரஸ் லோபேசி என்பது அதன் பெயர். பராகுவேயில் கண்டெடுத்தது, லண்டன், நைஜீரியா, பெனின் என்று சுற்றி நாற்பது வருஷம் கழித்து ஏத்தாப்பூருக்கு வந்தது. பூச்சி வந்து இரண்டு வருஷத்துக்குள் மருந்து நம் கைக்கு வந்ததென்றால், அதை யாரோ அங்கே அத்தனை வருஷமும் அழியவிடாமல் வளர்த்துவைத்திருந்ததுதான் காரணம்.

தாராபுரத்துத் தம்பிக்கு நேரடிப் பதில்: பூச்சி வந்துபோன தோட்டத்துக் குச்சி வேண்டாம். கணுவிடுக்கில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு வரும். புது ஊருக்குப் பூச்சி பரவுவது பெரும்பாலும் குச்சி மூலம்தான். குளவி பின்னால் வருவதற்குள் உங்கள் முதல் வெள்ளாமை போய்விடும். ஏத்தாப்பூர் நிலையத்திலோ பூச்சி இல்லாத தோட்டத்திலோ விதைக்குச்சி வாங்குங்கள். வாங்கிய குச்சியையும் நடுவதற்கு முன் நேர்த்தி செய்யும் முறையை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மச்சானிடம் பக்குவமாகச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

குடிமங்கலத்துத் தங்கச்சிக்கும், மாவுப்பூச்சி வந்த மற்றவர்களுக்கும்:

1. அதிகம் தாக்கிய நுனிகளை மட்டும் கவாத்துக் கத்தரியால் வெட்டுங்கள். பழுப்பு நொய் தெரிகிற நுனிகளைத் தனியாக எடுத்துக் கட்டி, பூச்சி அதிகம் உள்ள வரிசையிலேயே தொங்கவிடுங்கள். குளவி பிறந்து பக்கத்துச் செடிக்குப் போகும். வெறும் வெள்ளை மட்டும் இருக்கிற நுனிகளைச் சாக்கில் கட்டி வெயிலில் போட்டுக் கொல்லுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். வாய்க்காலில் வீச வேண்டாம், தண்ணீரோடு அடுத்த தோட்டத்துக்குப் போகும்.

2. மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயரை நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீரை நிரப்பி, நுனியில் வேகமாகப் பீய்ச்சுங்கள். பாதிப் பூச்சி கீழே விழுந்துவிடும். இலையும் புழுவுக்கு உதவும்.

3. எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி கசியும் தேனுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியை அண்டவிடாது. வரப்பில் உள்ள எறும்புப் புற்றைக் கொத்திக் கலைத்துத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

4. வேலியோரப் பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் பிடுங்குங்கள். பூச்சி ஒதுங்குகிற வீடுகளில் அதுவும் ஒன்று.

5. பழுப்பு நொய் ஒன்றுகூடத் தென்படவில்லை என்றால் குளவியைக் கேட்டு வாங்க வேண்டும். பொங்கலூர் வேளாண் அறிவியல் நிலையம், உங்கள் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகம், கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறை இந்த மூன்றில் கேளுங்கள். தாக்கிய நுனி ஒன்றைக் காற்றுப் புகும் காகித உறையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். எவ்வளவு குளவி, எப்போது விட வேண்டும் என்று சொல்வார்கள்.

6. சாக்கி புழு விஷயத்தில் மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். நல்ல இலை எத்தனை வரிசையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்குத் தகுந்த முட்டைத் தொகுதிக்கு மட்டும் புழு வாங்குங்கள். பாதி வாங்கினாலும் பரவாயில்லை. இலை போதாமல் ஐந்தாம் பருவத்தில் புழுவைப் பட்டினி போடுவதைவிட, குறைத்து வளர்த்து நல்ல கூடு எடுப்பது மேல். சாக்கி மையத்தில் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

காத்திருந்தால் பலன் வருமா என்று சந்தேகமாக இருந்தால் தென்னை வைத்திருக்கிற உறவினரைக் கேளுங்கள். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது பலர் அலறிக்கொண்டு மருந்து அடித்தார்கள். என்கார்சியா என்கிற குட்டிக் குளவி தானாகவே அங்கே வந்து சேர்ந்திருந்தது. அடிக்காத தோப்புகளில் அது பெருகியது. வெள்ளை ஈ இன்னும் முழுசாகப் போகவில்லை, வெயில் காலத்தில் ஏறத்தான் செய்கிறது. ஆனால் குளவியைக் கொன்றவர்கள் நிலைமை அதைவிட மோசம்.

அடுத்த பூச்சி வரும்போது

ஒரு கவலையையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். முனியப்பன் நடத்திய அந்தப் பூச்சி மேலாண்மைத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது யுஎஸ்எய்ட் என்கிற அமெரிக்க அரசு அமைப்பு. 2025-ல் அந்த நாட்டு அரசு அந்த அமைப்பையே மூடிவிட்டது. அதன் பணத்தில் பல்கலைக்கழகங்களில் நடந்த வேளாண் ஆய்வுகளில் பெரும்பாலானவை நின்றுபோயின. அவர்கள் பணம், அவர்கள் முடிவு, அதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த பூச்சி எங்கிருந்தோ ஒரு பெட்டியில் ஏறும்போது, அதை முதலில் அடையாளம் காட்டவும், அதன் எதிரியைக் கையில் வைத்திருக்கவும் ஓர் ஆள் குறைவாக இருப்பார். இனி நம் பெங்களூரு மையமும் நம் பல்கலைக்கழகமும் கூடுதலாகச் சுமக்க வேண்டும். நம் மாவட்டத்திலேயே குளவி வளர்க்கும் கூடம் ஓயாமல் இயங்க வேண்டும். மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறதல்லவா? தண்ணீர், கரண்ட், கடன் கேட்கிற அதே வாயால், “எங்க மாவட்டத்துக்கு ஒட்டுண்ணி எங்கே கிடைக்கும், எவ்வளவு கையிருப்பு?” என்றும் கேளுங்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் ஆய்வுக்கூடத்தில் விளக்கு எரியும்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு சொல். கண்காட்சிக்கும் வாங்குபவரைப் பார்க்கவும் வெளிநாடு போய் வருகிற பிள்ளைகள் இன்று பல வீடுகளில் உண்டு. வரும்போது ‘அப்பாவுக்கு நல்ல விதை, அம்மாவுக்கு ஒரு செடி’ என்று பெட்டியில் மறைத்துக் கொண்டுவராதீர்கள். 2003-ல் வந்த தாவரத் தனிமைப்படுத்தல் உத்தரவுப்படி அது குற்றம். குற்றம் என்பதைவிட, அந்தச் செடியின் கணுவில் ஒட்டிவருகிற ஒரு குஞ்சு உங்கள் அம்மாவின் தோட்டத்தையே அழித்துவிடும். நாம் அனுப்புகிற பனியனில் ஒரு ஊசி முனை இருந்தாலும் மொத்த சரக்கையும் திருப்பி அனுப்புகிறார்கள் இல்லையா? நம் ஊருக்குள் வருவதிலும் நமக்கு அதே கண்டிப்பு வேண்டும்.

தங்கச்சி, கொழுந்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பழுப்பு நொய் இருந்ததா, எத்தனை இருந்தது, எத்தனை முட்டைத் தொகுதிக்குப் புழு வாங்கினீர்கள், கூடு எப்படி வந்தது என்று எழுதுங்கள். நல்லதாக வந்தாலும், இல்லாவிட்டாலும் அடுத்த இதழ்களில் அப்படியே போடுகிறேன். மருந்துக் கடைக்காரர் கேட்டால், “ஞாயித்துக்கிழமை அவர் வரட்டும், பேசிக்கலாம்” என்று சொல்லிவைங்கள். அதற்குள் குளவி இன்னும் நாலு நாள் வேலை செய்திருக்கும்.